பொட்டலத்தோடு கிளம்பும் முன்

நான் முதல்முறை சாப்பாடு எடுத்துக்கொண்டு போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வீட்டில் கிளறிய தக்காளி சாதம், இருபது பொட்டலம். பாரிமுனைக்குப் பின்னால், பூட்டிய கடை ஒன்றின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஆயாவிடம் ஒன்றை நீட்டினேன். வாங்கிப் பக்கத்தில் வைத்தார். அங்கே ஏற்கெனவே நான்கு பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. மூன்று தக்காளி சாதம், ஒன்று பிரிஞ்சி. யாரோ ஒரு நடிகருக்கு அன்றைக்குப் பிறந்தநாளாம். "தண்ணி வெச்சிருக்கியா தம்பி?" என்று கேட்டார். என்னிடம் தண்ணீர் இல்லை.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை இரவு வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். அதே படிக்கட்டில் சுருண்டு படுத்திருந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். காலையில் குடித்த டீயும் ஒரு பன்னும்தான் என்றார்.

வீடில்லாதவர்களுக்கும் பசியோடு படுப்பவர்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும், ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமைப்பு எதுவும் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம். நான் பார்த்த ஊர் சென்னை. உங்களுடையது மதுரையோ கோவையோ என்றால் இடங்களின் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் பெரும்பாலும் ஒத்துவரும்.

ஒரு தெருவைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஊர் முழுக்கச் சுற்ற வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில், அல்லது வேலைக்குப் போய்வரும் வழியில், ஒரே ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள். அலுப்பாக இருக்கும் நாளிலும் போய்வர முடிகிற தூரமாக இருக்கட்டும். மூன்றாவது மாதத்தில் இதுதான் உங்களைக் காப்பாற்றும்.

போக வேண்டிய நேரம் இரவு ஒன்பதரைக்கு மேல். கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகுதான் படிக்கட்டும் முன்திண்ணையும் இவர்களுக்குக் கிடைக்கும். விடிகாலை ஆறு மணிக்கெல்லாம் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பகலில் போனால் அந்தத் தெருவில் யாருமே இல்லை என்று நினைத்துத் திரும்பி வருவீர்கள். இரண்டு பேராகப் போங்கள். பத்துப் பேராகக் காரில் போய் இறங்கினால் ஏதோ ஊர்வலம் மாதிரி இருக்கும். தூங்குகிறவர்கள் பயந்து எழுந்திருப்பார்கள்.

முதல் வாரம் ஒன்றும் கொடுக்க வேண்டாம். தெருமுனை டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு நில்லுங்கள். டீக்கடைக்காரர், ஏ.டி.எம். வாட்ச்மேன், பூக்கட்டும் அக்கா, இந்த மூவருக்கும் அந்தத் தெருவில் யார் எங்கே படுக்கிறார்கள், யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் குடித்துவிட்டுக் கத்துவார், எந்த நாளில் யார் சாப்பாடு கொண்டுவருகிறார்கள் என்று எல்லாமே தெரியும். சில தெருக்களில் வாரத்துக்கு மூன்று குழுக்கள் வரும். பக்கத்துச் சந்துக்குள் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். உங்களுக்கான இடம் அந்தச் சந்து.

அப்புறம் நாள். மாதம் ஒரு ஞாயிறு என்றாலும் பரவாயில்லை, வாரம் ஒரு புதன் என்றாலும் சரி, அதை மாற்றாதீர்கள். வடலூரில் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கியது 1867 மே 23-ல். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது என்பார்கள். அங்கே போகிறவருக்கு 'இன்றைக்குச் சாப்பாடு இருக்குமா' என்ற கேள்வியே கிடையாது. பசித்தவருக்கு அந்த நிச்சயமே பாதி வயிற்றை நிரப்பும். நம்மால் அணையா அடுப்பெல்லாம் முடியாது. புதன்கிழமை என்றால் புதன்கிழமை வர முடியும், அவ்வளவுதான்.

அங்கே படுத்திருப்பது யார்?

எல்லோரும் பிச்சை எடுப்பவர்கள் என்ற நினைப்போடுதான் பெரும்பாலும் கிளம்புவோம். இரண்டு இரவு நின்று பேசினாலே அது உடைந்துவிடும். நான் பழகியவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள். கல்யாண மண்டபங்களில் சமையல் உதவிக்கும் பாத்திரம் கழுவவும் போகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், மீன்பாடி வண்டி என்னும் மூன்று சக்கரச் சரக்கு வண்டியை ஓட்டிவிட்டு இரவில் அதிலேயே படுத்துக்கொள்பவர்கள், பேப்பர் பொறுக்குபவர்கள். முகூர்த்த மாதங்களில் கையில் காசு இருக்கும். ஆடியும் மார்கழியும் வந்தால் சமையல் வேலைக்காரர்கள் காய்ந்துபோவார்கள். உதவி அதிகம் தேவைப்படுவது அந்த மாதங்களில்.

வடசென்னையில் குடும்பம் குடும்பமாக, மூன்று தலைமுறையாகப் பிளாட்பாரத்திலேயே வாழ்பவர்கள் இருக்கிறார்கள். பிறந்ததும் அங்கே, கல்யாணம் கட்டியதும் அங்கே. இவர்கள் அடுப்பு வைத்துச் சமைக்கிறவர்கள். இவர்களிடம் பொட்டலம் நீட்டுவதைவிட அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கித் தருவது மரியாதை. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் இன்னும் நல்லது.

பிள்ளைகள் விட்டுவிட்டுப் போன முதியவர்கள் தனி. மனம் குழம்பி எங்கிருந்தோ நடந்து வந்தவர்கள் தனி. இவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

யாரும் கணக்கில் சேர்க்காத ஒரு கூட்டம் உண்டு. பெரிய அரசு மருத்துவமனைகளின் வெளியே போய்ப் பாருங்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், ஆந்திர எல்லை என்று எங்கிருந்தோ நோயாளியோடு வந்தவர்கள், வாரக்கணக்கில் வராந்தாவிலும் மதில் ஓரத்திலும் படுத்திருப்பார்கள். உள்ளே நோயாளிக்குச் சாப்பாடு வரும். கூட இருப்பவருக்கு வராது. ஊரில் வீடு இருக்கும், கையில் காசு தீர்ந்திருக்கும், கேட்கக் கூச்சமாகவும் இருக்கும். சோறு, குளிக்க ஒரு சோப்பு, ஊருக்குப் பேச ஒரு போன் ரீசார்ஜ். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைவிடச் சுலபமான இடம் கிடையாது என்று சொல்வேன்.

இருபது ரூபாய்க் கணக்கு

சென்னையில் அம்மா உணவகம் 2013-ல் தொடங்கியது. இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து, சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று, இரவு இரண்டு சப்பாத்தி மூன்று ரூபாய் என்று வைத்தார்கள். காலையில் ஐந்து இட்லி, மதியம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும், இரவு நான்கு சப்பாத்தி. மொத்தம் பத்தொன்பது ரூபாய். அப்படியிருக்க ஏன் பசி?

கேட்டுப் பார்த்தால் காரணம் ஒவ்வொன்றாக வரும். கால் வீங்கிய ஆயாவால் அரை கிலோமீட்டர் நடந்து போய் வரிசையில் நிற்க முடியாது. மண்டபத்து வேலை முடிந்து பதினொரு மணிக்கு வருகிற அண்ணனுக்கு உணவகம் மூடியிருக்கும். குளித்துப் பல நாளானவரைப் பக்கத்தில் நிற்பவர்களே விரட்டுவார்கள். மனம் சரியில்லாதவருக்குக் காசு என்ற கணக்கே பிடிபடாது. ஆகவே நீங்கள் தேட வேண்டியது இந்த நான்கு பேரை. நடக்கக்கூடியவர் என்றால், அவரைக் கூட்டிக்கொண்டு போய் நீங்களும் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். பார்சல் தர மாட்டார்கள், அங்கேயே நின்று சாப்பிட வேண்டும். அந்தப் பத்து நிமிடப் பேச்சில் தெரிந்துகொள்வது ஒரு மாதம் பொட்டலம் கொடுத்தாலும் தெரியாது.

சமைத்துக் கொண்டுபோவதென்றால்

பத்துப் பேருக்குமேல் ஆரம்பிக்காதீர்கள். ஒரு கிலோ அரிசி போட்டால் ஏழெட்டுப் பேர் வயிறாரச் சாப்பிடலாம்.

என்ன சமைப்பது? புளிசாதமும் எலுமிச்சை சாதமும் தாங்கும். நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுங்கள். தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, அவித்த முட்டை, பால் பாயசம் இதெல்லாம் வெயில் காலத்தில் வேண்டவே வேண்டாம். முதலில் ஊசிப்போவது இவைதான். பிளாட்பாரத்தில் படுப்பவருக்கு ராத்திரி வயிற்றுப்போக்கு வந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். கழிப்பறை பூட்டியிருக்கும்.

சோற்றை ஆறவிட்டுக் கிளறி, ஆறிய பிறகு கட்டுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துச் சீக்கிரம் கெட்டுவிடும். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதைக் கணக்காக வைத்துக்கொண்டால் போதும். காலையில் கட்டி இரவில் கொடுப்பது உதவியே இல்லை.

கட்டுவதற்கு வாழை இலையும் மேலே ஒரு காகிதமும் போதும். சோற்றில் நேராகச் செய்தித்தாள் படக்கூடாது, மை ஒட்டும். சாப்பாடு கட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாளும் கேரி பேக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. எனக்குப் பிடித்த வழி வேறு. தூக்குவாளியில் எடுத்துப் போய், அவர்களிடம் இருக்கும் தட்டில் கரண்டியால் பரிமாறுவது. "போதும்பா", "இன்னும் கொஞ்சம் போடு" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வாய்ப்பு. குப்பையும் மிஞ்சாது. பொட்டலம் பிரித்த குப்பைக்குக் காலையில் கடைக்காரரிடம் திட்டு வாங்குவது நாமில்லை, அங்கே படுத்தவர்கள்.

பல் இல்லாதவர்களுக்கு இட்லி, குழைந்த தயிர் சாதம், வாழைப்பழம். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இனிப்பும் கேசரியும் அள்ளிக் கொடுக்கும் நல்ல மனசுக்காரர்கள் இதை யோசிப்பதில்லை. எந்தச் சாப்பாடு கொண்டுபோனாலும் கூடவே தண்ணீர். கைகழுவவும் ஒரு குடம் இருந்தால் நல்லது. அந்த ஆயாவுக்குப் பிறகு நான் தண்ணீர் இல்லாமல் போனதே இல்லை.

இன்னொன்று, அவர்களுக்கும் சலிக்கும். ஒருமுறை ஒருவர் என் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுவும் தக்காளியா!" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால், நாலு நாள் தொடர்ந்து அதையே என் வீட்டில் போட்டிருந்தால் நான் சிரித்திருக்கக்கூட மாட்டேன். அடுத்த வாரம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். "ஒரு மீன் குழம்பு" என்று பதில் வரலாம். முடிந்தால் செய்யுங்கள்.

மண்டபத்தில் மிஞ்சிய சாப்பாடு என்றால் இன்னும் கவனம். சமையல்காரரிடம் முந்தைய நாளே சொல்லிவைத்து, அண்டாவில் கை படாமல் மிஞ்சியதை மட்டும் எடுங்கள். பந்தியில் வாளியில் சுற்றிவந்த மிச்சத்தைத் தொடாதீர்கள். அதிக அளவில் மிஞ்சியது என்றால், அதற்கென்றே இயங்குபவர்களிடம் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். கோவையில் 2014-ல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அப்படிப்பட்டது. சென்னை பெசன்ட் நகரில் 2017-ல் 'ஐயமிட்டு உண்' என்று பொது ஃபிரிட்ஜ் ஒன்றை வைத்தார்கள். மிஞ்சியதை வைப்பவர் வைக்கலாம், வேண்டியவர் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். கேட்காமல் எடுக்கலாம் என்பதில்தான் அதன் அழகு.

கொடுக்கும்போது

தூங்குகிறவரை எழுப்பாதீர்கள். தலைமாட்டில் வைத்துவிட்டும் வராதீர்கள். நாயும் எலியும் முதலில் வரும், அவர் மேலேயே ஏறும். பக்கத்தில் விழித்திருப்பவரிடம் கொடுத்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேசுங்கள். நின்றபடி குனிந்து நீட்டுவது வேறு மாதிரி இருக்கும். பெரியவர்களை ஐயா, ஆயா, அம்மா என்றும் மற்றவர்களை அண்ணா, அக்கா என்றும் கூப்பிடுங்கள். "இந்தாப்பா", "ஏம்மா" எல்லாம் வேண்டாம். வேண்டாம் என்று சொன்னால் சரி என்று விட்டுவிடுங்கள். ஏன் இங்கே வந்தீர்கள், பிள்ளைகள் இல்லையா என்று முதல் நாளே குடையாதீர்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் நாலாவது வாரம் அவர்களே சொல்வார்கள்.

போட்டோ எடுக்காதீர்கள். முகத்தை மறைத்தும் வேண்டாம், கையை மட்டும் காட்டியும் வேண்டாம். ஊரில் இருக்கும் தங்கைக்கு, தான் மெட்ராஸில் ஓட்டலில் வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருப்பவர் ஒருவரை எனக்குத் தெரியும். யாரோ போட்ட வீடியோவில் அவரைப் பார்த்துவிட்டுத் தங்கை போன் செய்தாராம். அதற்குப் பிறகு அவர் அந்தத் தெருவில் படுப்பதில்லை.

பணம் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தெரிந்தவர், கேட்கிறார், காரணம் சொல்கிறார் என்றால் நான் கொடுப்பேன். அதில் அவர் டீ குடிப்பாரா பீடி வாங்குவாரா என்று பின்னால் போய்ப் பார்க்க மாட்டேன். சிக்னலில் கை நீட்டும் குழந்தைக்கு மட்டும் காசு தருவதில்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு அடித்துச் சொல்லலாம்.

சோறு தவிர

துணி கொடுப்பவர்கள் பழைய பிளவுஸையும் ஜீன்ஸையும் மூட்டையாகக் கட்டிக் கொடுப்பார்கள். யாருக்கும் அளவு சேராது; மறுநாள் அது ஓரத்தில் கிடக்கும். லுங்கியும் நைட்டியும் எல்லோருக்கும் சேரும். உள்ளாடை புதிதாகத்தான் வாங்க வேண்டும். செருப்புக்கு அளவு கேட்டுக்கொண்டு போய் வாங்குங்கள்.

சென்னைக்குக் கம்பளி வேண்டாம். மெல்லிய பெட்ஷீட், கொசுவத்தி, ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு தார்ப்பாய். மழை நாளில் சாப்பாட்டைவிட உலர்ந்த துணிக்குத்தான் தவிப்பார்கள். பூட்டோடு ஒரு சின்னப் பெட்டியோ பையோ கிடைத்தால் பெரிய விஷயம். தூங்கும்போது திருடு போவது அங்கே தினக்கதை.

பெண்களிடம் பேச ஒரு பெண்ணும் கூட வந்தால் நல்லது. நாப்கின் வேண்டும் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. என்னோடு வந்த தோழியிடம் முதல் நாளே நான்கு பேர் கேட்டார்கள். அதோடு இன்னொன்றும் சொன்னார்களாம்: இருட்டிய பிறகு கழிப்பறைக்குப் போகப் பயந்து சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்று. நான் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பெருமையாக நின்றிருந்தேன். இரவில் திறந்திருக்கும் கழிப்பறை பக்கத்தில் எது, காசு எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்துவைப்பதும் உதவிதான். பூட்டிக் கிடந்தால் மாநகராட்சியின் 1913-க்குப் புகார் சொல்லலாம். வீட்டு முகவரி உள்ள நீங்கள் சொன்னால் கொஞ்சம் சீக்கிரம் நடக்கும். கசப்பாக இருந்தாலும் அதுதான் நிலைமை.

உடம்பு முடியாதவரைக் கண்டால்

மயங்கிக் கிடந்தால் 108. இடம் சொல்லும்போது கடைப் பெயர்ப் பலகை, பஸ் ஸ்டாப் என்று அடையாளம் சொல்லுங்கள். வண்டி வரும்வரை நிழலுக்கு நகர்த்தி, ஈரத்துணியால் துடைக்கலாம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

பல நாள் பட்டினி கிடந்து ஒடுங்கிப்போனவருக்கு ஒரு முழுச் சாப்பாட்டைக் கொடுத்துவிடாதீர்கள். உடம்பு அதைத் தாங்காது, உயிருக்கே ஆபத்தாகலாம். கொஞ்சமாகக் கஞ்சி கொடுத்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போவதுதான் சரி. புண்ணில் புழு வைத்திருந்தால் நீங்களாக எதையும் ஊற்றாதீர்கள்.

108 வந்து ஏற்றிக்கொண்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் நானும் ஒருமுறை வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் அந்தப் பெரியவர் அதே இடத்தில், கையில் ஊசி குத்திய பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தார். கூட ஆள் இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். அதற்குப் பிறகு கூடவே போகிறேன். வரிசையில் நின்று சீட்டு வாங்க, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, மருந்து வாங்க ஒரு ஆள் வேண்டும். சொந்தக்காரர் இல்லை, தெருவில் பார்த்தேன் என்று உள்ளதைச் சொல்லலாம். மருத்துவமனையிலேயே இருக்கும் போலீஸ் அவுட்போஸ்ட்டில் தகவல் கொடுத்துவிட்டால் உங்களுக்கும் சிக்கல் இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோயா என்று பார்க்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் சோதனையும் மருந்தும் இலவசம்; சாப்பாட்டுக்கென்று மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். மாத்திரையைக் குறைந்தது ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனாலேயே பாதியில் விட்டுவிடுவார்கள். தினம் காலை இரண்டு இட்லிக்கு டீக்கடையில் முன்பணம் கட்டிவைத்தால் ஒரு ஆள் பிழைப்பார். பொட்டலத்துக்குச் செலவழிக்கும் காசில் இதையும் யோசியுங்கள்.

மனம் குழம்பியவர்

ஜடை பிடித்த முடி, கிழிந்த துணி, தனக்குத்தானே பேச்சு. பயப்பட வேண்டியதில்லை, அவருக்குத்தான் நம்மைப் பார்த்து அதிகப் பயம். சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு நகர்ந்து நில்லுங்கள். வாக்குவாதம் செய்யாதீர்கள். குளிப்பாட்டுகிறேன், முடி வெட்டுகிறேன் என்று பலவந்தமாகப் பிடிப்பதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள், அதைச் செய்யாதீர்கள்.

2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் சுற்றித் திரிபவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஸ்டேஷனில் இந்தப் பிரிவின் எண்ணைச் சொன்னாலே பேச்சு மாறும். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. தெருவில் தவிக்கும் பெண்களுக்கென்று வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-ல் தொடங்கிய 'தி பான்யன்' இருக்கிறது. என்ன செய்வது என்று உங்களுக்கே குழப்பமாக இருந்தால் மனநல உதவி எண் 14416-ல் கேட்கலாம். கைவிடப்பட்ட முதியவர் என்றால் 14567, ஆபத்தில் இருக்கும் பெண் என்றால் 181.

காப்பகம்

நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில், நூறு பேர் தங்கும் வீடற்றோர் காப்பகம் இருக்க வேண்டும் என்பது அரசின் விதி. உச்ச நீதிமன்றம் பலமுறை தட்டிக் கேட்டதால் வந்தது. சென்னை மாநகராட்சி இவற்றைத் தொண்டு நிறுவனங்கள் மூலம் நடத்துகிறது. தங்க இலவசம். பக்கத்தில் எது இருக்கிறது, ஆண்களுக்கா பெண்களுக்கா என்று முன்னாடியே நேரில் போய்ப் பார்த்துவையுங்கள்.

கூப்பிட்டால் பலர் வர மாட்டார்கள். உடனே "திமிர்" என்று எழுதிவிடாதீர்கள். புருஷன் ஒரு காப்பகம், பெண்டாட்டி ஒரு காப்பகம் என்று பிரிக்க வேண்டியிருக்கும். விடிகாலை மூன்று மணிக்கு லாரி வந்து நிற்கும் இடத்தை விட்டு மூட்டை தூக்குபவர் எங்கே போவார்? நாயை விட்டு வர மாட்டேன் என்றவர் ஒருவரும் உண்டு. மழை வெள்ளம் என்றால் அவர்களே கேட்பார்கள். அன்றைக்கு வழி தெரிந்த ஆளாக நீங்கள் இருந்தால் போதும்.

காகிதம்

ஒரு வருடம் பழகிய பிறகு நீங்கள் செய்யக்கூடிய பெரிய வேலை இதுதான். கையில் அடையாள அட்டை இல்லாததால் பென்ஷன் இல்லை, ரேஷன் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை.

முதலில் ஆதார். ஏற்கெனவே எடுத்துத் தொலைத்தவரா என்று கேளுங்கள். பலர் அப்படித்தான். இரண்டாவது முறை புதிதாகப் பதிய முடியாது. கைரேகை வைத்துப் பழைய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். மூட்டை தூக்கி, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல்களில் ரேகை விழாது, அப்போது கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதுவரை எடுக்காதவர் என்றால், அங்கீகாரம் பெற்ற காப்பகப் பொறுப்பாளரின் சான்று செல்லும். கவுன்சிலர், எம்.எல்.ஏ. போன்றவர்கள் ஆதார் படிவத்தில் கையெழுத்திட்டுத் தருவதும் உண்டு.

வாக்காளர் அட்டைக்கு வீடே தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-ல், அவர் இரவில் படுக்கும் இடத்தையே முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில், ஒன்றுக்கு மேற்பட்ட நாள், வந்து அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் முகவரிக்கு வேறு ஆவணம் கேட்கக் கூடாது. தேர்தல் ஆணையத்தின் விதி இது. விண்ணப்பித்த பிறகு அவர் இடத்தை மாற்றிப் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

அறுபது வயது ஆனவர், ஆதரவு இல்லாதவர் என்றால் முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போடுங்கள். 2023 ஆகஸ்டில் அதை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். இ-சேவை மையத்தில் பதிந்து, பிறகு தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். முதல் தடவையில் கிடைக்காது. வரிசையில் அவரோடு நின்று, எந்தத் தாள் குறைகிறது என்று எழுதி வாங்கி வாருங்கள். இவர்கள் தனியாகப் போனால் பதில் "அப்புறம் வா". பக்கத்தில் பேனா வைத்திருக்கும் ஆள் ஒருவர் நின்றால், அந்தப் பதிலே நீளமாகும்.

படிக்கட்டு ஆயாவுக்கு ஆதார் எடுக்க ஏழு மாதம் ஆனது. ரேகை மூன்று முறை விழவில்லை. எல்லாம் முடிந்து படிவம் நிரப்பும்போது, தபால் எந்த முகவரிக்கு வர வேண்டும் என்று கேட்டார்கள். நான் விழித்தேன். ஆயா யோசிக்காமல் டீக்கடையின் பெயரைச் சொன்னார். கடைக்காரரும் தலையாட்டி, தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை போனபோது, வறுக்கி ஜாடிக்குப் பின்னாலிருந்து கவரை எடுத்து நீட்டினார். எண்ணெய்க் கை படாமல் பேப்பர் சுற்றி வைத்திருந்தார். ஆயா அதைப் பிரித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, போட்டோவில் காது கம்மல் தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.